சோறு போட ஆள் இருக்கு... சொல்லித் தர?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். “என்ன கோர்ஸ்? எந்தக் காலேஜ்?”

பெண் இன்ஜினீயரிங் என்றால் வந்தவர் முகம் மலர்கிறது. பி.காம். என்றால், “பரவாயில்லே... பாங்க் பரீட்சை எழுதலாம்” என்கிறார். “நியூட்ரிஷன் படிக்கப் போறாளாம். ஊர் ஊராப் போய் பிள்ளைங்களுக்கும் அம்மாக்களுக்கும் சாப்பாட்டைப் பத்திச் சொல்லித் தரணுமாம். அதுதான் ஆசையாம்” என்று அம்மா சொல்லிப் பார்க்கட்டும்... காபி டம்ளர் பாதி வழியில் நின்றுவிடும்!

“சமைக்கிறதையும் சாப்பிடறதையும் போய் மூணு வருஷம் படிக்கணுமா? நம்ம பாட்டியெல்லாம் என்ன படிச்சாங்க?”

பாட்டி படிக்கவில்லை. வாஸ்தவம்தான். ஆனால், பாட்டியின் தெருவில் பெட்டிக்கடை வாசல் முழுக்க சிப்ஸ் பாக்கெட் சரம் தொங்கவில்லை. போனைத் தட்டினால் அரை மணியில் பரோட்டா வந்து கதவைத் தட்டவும் இல்லை. இன்னொன்றையும் பாட்டியிடமே கேளுங்கள்: பிறந்த பிள்ளைகளில் எத்தனை தங்கியது என்று. பழைய சாப்பாட்டில் நல்லதும் இருந்தது. தெரியாமல் போன உயிர்களும் இருந்தன. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளைகளுக்கும், அவர்கள் வாழும் ஊருக்கும் உணவைப் பற்றிக் கற்றுத் தருவது தனித் தொழில். மார்க் குறைந்தவர்களுக்கான ஆறுதல் பரிசு அல்ல. கல்யாணம் ஆகும்வரை பொழுதுபோக்கும் அல்ல. அதைத் தொழிலாக நாம் மதிக்காததால் நஷ்டம் யாருக்குத் தெரியுமா? உங்களுக்கும் எனக்கும்தான்.

<b>போடுவதில் நாம் முன்னோடி!</b>

பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டுப் பெருமை உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயச் செட்டியார், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு! 1956-ல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னால் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது.

போடுவதில் குறையில்லை. சரி, சொல்லித் தருவதில்?

அங்கேதான் இடிக்கிறது. பள்ளியில் முட்டை சாப்பிட்ட பிள்ளை, மணி அடித்ததும் வாசலுக்கு ஓடி என்ன வாங்குகிறது? விடுமுறை நாளில் வீட்டில் என்ன சாப்பிடுகிறது? பள்ளிப் படிப்பு முடிந்து, சத்துணவும் நின்ற பிறகு தன் தட்டைத் தானே நிரப்பத் தெரிகிறதா? இதையெல்லாம் யாருடைய வேலை என்று நாம் வைத்திருக்கிறோம்?

<b>தராசு செய்த வேலை</b>

“சொல்லித் தந்தா மட்டும் மாறிடுமாக்கும்!” என்று சிலர் இழுப்பீர்கள். நம் ஊரிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1980-ல் உலக வங்கி உதவியோடு ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்’ தொடங்கியது. மற்ற திட்டங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு என்று இதில் கிடையாது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதா மாதம் எடை போடுவார்கள். எடையை ஓர் அட்டையில் கோடாக வரைவார்கள். கோடு மேலே ஏறினால் சந்தோஷம். ஏறாமல் படுத்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிடுவார்கள்.

உருண்டை கொஞ்சம், பேச்சு அதிகம். “கண்ணு பார்க்குறதுக்கு நல்லாத்தாம்மா இருக்கான். ஆனா கோட்டைப் பாரு, ரெண்டு மாசமா ஏறலே. போன மாசம் பேதி போச்சா? அப்போ கஞ்சியை நிறுத்தினியா?” இப்படிக் கேட்டு, கோட்டைக் காட்டி, அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் அசல் வேலை. நோய் வருவதற்கு முன்பே அம்மா விழித்துக்கொள்வாள்.

இந்த வேலைக்கு ஆள் பிடித்த விதம் இன்னும் அழகு. அதே ஊர்ப் பெண். முடிந்தவரை, ஏழ்மையிலும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்துக் காட்டியவள். “எங்கிட்ட மட்டும் கொட்டியா கெடக்கு? நான் வளர்க்கலையா?” என்று அவள் கேட்டால் மறுபேச்சு உண்டா? திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருந்தும் நிபுணர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். நாம்தான் மறந்துவிட்டோம்.

<b>உங்கள் வீட்டிலும் இருக்கிறது!</b>

“அதெல்லாம் குடிசைப் பிள்ளைங்களுக்கு. நம்ம வீட்டுல பாலும் பருப்பும் தாராளமா இருக்கு” என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 பேர். தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல்! அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அதாவது ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், ஏன், ஒரே உடம்பிலேயே... எடை கூடுதல், ரத்தம் குறைவு. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் டியூஷன் அவசரத்தில் ஒரு டம்ளர் டீயோடு ஓடுகிறாள். மதியம் டப்பா பாதி மிஞ்சி வருகிறது. சாயங்காலம் ஒரு பாக்கெட் நொறுக்குத்தீனி. அவள் வயதில் ஒரு நாளைக்குத் தேவையான இரும்புச்சத்து சுமார் 30 மில்லிகிராம். அவள் அப்பாவுக்குத் தேவையானதைவிட அதிகம்! மாதவிலக்கில் போவது வேறு. “எப்பப் பாரு தூக்கம், சோம்பேறி” என்று திட்டுகிறோமே... அது சோம்பல்தானா, ரத்தசோகையா என்று ஒரு தடவையாவது ஹீமோகுளோபின் பார்த்தோமா?

பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். பத்து வயது முதல் பத்தொன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான தேசியத் திட்டம் இது. நல்ல திட்டம். ஆனால் பெண்கள் கூட்டத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். “வயித்தைப் புரட்டுதுடி”, “கறுப்பாப் போகுதாம், பயமா இருக்கு”, “எங்கம்மா சூடுன்னு வேணாம்னுட்டாங்க.” மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும்.

இங்கே வேண்டியது இன்னொரு மாத்திரை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள். “வெறும் வயித்துல போடாதே, சாப்பிட்டப்புறம் போடு. கறுப்பாப் போறது இரும்போட நிறம்தான், பயப்படாதே. மாத்திரை போட்டதும் டீ, காபி குடிக்காதே. சத்து உடம்புல சேராது. கீரை சாப்பிடற அன்னிக்கு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கோ.” ஐந்து நிமிஷப் பேச்சுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கையான ஒருவர் சொல்ல வேண்டும். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ரத்தசோகைக்கு வயிற்றுப்புழுவோ அதிக உதிரப்போக்கோ காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தால், டாக்டரிடம் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

<b>அப்படி என்ன வேலை?</b>

ஆண்டுக்கு ஒரு தடவை சிறப்பு விருந்தினராக வந்து, “காய்கறி நிறைய சாப்பிடுங்கள்” என்று மைக்கில் முழங்கிவிட்டுப் போவது அல்ல.

நல்ல ஊட்டச்சத்துக் கல்வியாளர் பிள்ளைகளைக் கையில் வேலை செய்யவைப்பார். 300 மில்லி கலர் சோடா பாட்டிலின் லேபிளைப் படிக்கச் சொல்வார். பெரும்பாலும் அதில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதை டீஸ்பூனில் அள்ளித் தட்டில் கொட்டச் சொல்வார். ஆறு, ஏழு ஸ்பூன் குவிந்ததும் வகுப்பே வாயைப் பிளக்கும்! அதற்குப் பிறகு பிரசங்கம் எதற்கு? பள்ளியின் பின்பக்கம் முருங்கையும் கீரைப் பாத்தியும் போடவைப்பார். பையன்களையும் கரண்டி பிடிக்கவைப்பார். அம்மாக்களுக்கு விலைவாசி தெரிந்து பேசுவார். ஆப்பிள் வாங்கச் சொல்ல மாட்டார், கொய்யாவைக் காட்டுவார்.

இப்படிப் பழகும் பிள்ளைக்குச் சத்து மட்டுமா சேர்கிறது? நாலு பேர் முன்னால் பேசத் தெரிகிறது. கணக்குப் பார்க்கத் தெரிகிறது. விளம்பரத்தைப் பார்த்து ‘அப்படியா?’ என்று சந்தேகப்படத் தெரிகிறது. கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகளைப் பாருங்கள். ஏழு நாள் கிராமத்தில் இருந்து திரும்பியதும் நடையே மாறியிருக்கும். இளைஞர் வளர்ச்சி என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதெல்லாம் இதைத்தான்.

இதற்குப் படிப்பு வேண்டாமா? நிச்சயம் வேண்டும். நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல் தொடங்கியது. இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதை வளர்த்தெடுத்த டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ், சத்துணவியலை ஆய்வுக்கூடத்திலிருந்து கிராமத்துக்கு அழைத்துப்போனவர். மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்கூட, 1918-ல் நம் குன்னூரில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியதுதான்! பிள்ளைகளுக்குத் தெரியுமோ, என்னவோ?

வேலை? குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளர், வட்டார அலுவலர் பதவிகள் உண்டு. வேளாண் அறிவியல் நிலையங்களில் மனையியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை, தொண்டு நிறுவனம், பள்ளி, ஆராய்ச்சி என்று வேறு கதவுகளும் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், ஊட்டச்சத்து நிபுணர்களையும் சுகாதாரத் தொழிலர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனிமேல், மூன்று வார கோர்ஸ் முடித்துவிட்டு செல்போனில் டயட் சொல்கிறவர்களுக்கும் முறையாகப் படித்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியட்டும்.

<b>சம்பளம்?</b>

மூடி மறைப்பானேன்! பெரிய சம்பளம் இல்லை. நிறைய இடங்களில் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கிராமத்துக்குப் பஸ் ஏறி இறங்க வேண்டும். பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது. வராமல் போன நோய்க்கு யார் மாலை போடுவார்கள்?

அடிமட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். மாநிலத்தில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள். அங்கே எடை போட்டு, உணவு கொடுத்து, அம்மாக்களிடம் பேசும் பெண்களை மத்திய அரசின் திட்டம் நெடுங்காலமாக ‘மதிப்பூதியப் பணியாளர்’ என்றே அழைத்துவந்தது. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதிலிருந்தே தெரியவில்லையா, சொல்லித் தரும் வேலைக்கு நாம் வைத்திருக்கும் மரியாதை?

சர்க்கரை வந்த பிறகு மாதா மாதம் மருந்துக் கடையில் நாம் கொட்டும் பணத்தை எண்ணிப் பாருங்கள். அது வராமல் தடுக்க, பதினைந்து வயதில் பிள்ளைக்குச் சொல்லித் தந்தவருக்கு என்ன கொடுத்தோம்?

<b>நீங்கள் செய்யக்கூடியது</b>

முதலில், அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். “கம்ப்யூட்டருக்கு டீச்சர் இருக்காங்க, விளையாட்டுக்கு மாஸ்டர் இருக்கார். சாப்பாட்டைப் பத்திச் சொல்லித் தர யார் இருக்காங்க?” பள்ளிக்கு ஒருவர் முடியாவிட்டால், பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் என்றாவது நிரந்தரப் பதவி வேண்டும். நாலு அப்பா அம்மாக்கள் விடாமல் கேட்டால் நிர்வாகம் அசையாமலா இருக்கும்?

அடுத்து, பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவரை ‘ஆயாம்மா வேலைதானே’ என்று ஒதுக்காமல், நாலு வார்த்தை மரியாதையாகப் பேசுங்கள். உங்கள் பேரக் குழந்தையின் எடை அட்டையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் பெண் வந்து, “நான் நியூட்ரிஷன் படிக்கிறேம்மா” என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள். சம்பளம், வேலை, ஊர் எல்லாவற்றையும் உட்கார வைத்து விவரமாகப் பேசுங்கள். உங்கள் பையன் வந்து சொன்னாலும் அப்படியே! உணவு பெண்கள் சமாசாரம் என்று யார் சொன்னது? பையனுக்கும் வயிறு ஒன்றுதானே!

நாளைக்கு அவர்கள் போகிற ஊரில், எடைக் கோடு படுத்துக் கிடக்கும் ஏதோ ஒரு குழந்தைக்குக் கோடு மேலே ஏறும். அது உங்கள் வீட்டிலிருந்து போன படிப்பு.