தோளில் தழும்பு இருந்தால் போதுமா?

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் குடியேறிய இலங்கை, இந்தியத் தமிழர்களில் பெரும்பாலோர் பிறந்த மண்ணிலேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டு வந்தவர்கள். கியூபெக் மாகாணமும் ஒரு காலத்தில் அந்த ஊசியைப் பரவலாகப் போட்டது, 1970களில் நிறுத்திவிட்டது. காசநோய்க் கிருமி உடலில் உறங்குகிறதா என்று பரிசோதிக்கச் சொன்னால், அந்த ஊசி விட்ட தோள் தழும்பைக் காட்டி மறுக்கத் தோன்றும். மறுக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கான சான்று செங்கல்பட்டிலேயே இருக்கிறது. 1968இல் தொடங்கிய ஆய்வில் அம்மாவட்டத்தின் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. அல்லது வெற்று ஊசி போட்டு 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காப்பது உண்மை. ஊரில் பிறந்தவுடன் போடுவது சரிதான்.

உடலின் எதிர்ப்பாற்றல் இந்தக் கிருமியிடம் எப்போதும் முழு வெற்றி பெறுவதில்லை. நுரையீரலில் நுழையும் கிருமியை விழுங்கும் அணுக்களால் பல வேளைகளில் அதைச் செரிக்க முடிவதில்லை. அது அவற்றுக்குள்ளேயே பெருகுகிறது. வேறு சில அணுக்கள் கிருமியின் அடையாளத்தை நிணநாளங்கள் வழியே நிணநீர்க்கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே டி அணுக்கள் எதிரியை இனங்கண்டு பெருகித் திரும்ப வாரக்கணக்காகிறது. வந்தபின் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. சிறைதான், மரணதண்டனை அல்ல. கிருமி தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் என்றாவது சுவர் உடைகிறது. தெற்காசியக் குடியேறிகளிடம் அப்படி எழும் நோய் கழுத்து நிணநீர்க்கணுவில் கட்டியாக வருவதும் உண்டு. நம் பெரியவர்கள் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். ஸ்டீராய்டும் சில மூட்டுவாத ஊசிகளும் சுவரைத் தளர்த்தும். சர்க்கரை நோய் காச ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்குகிறது; நம்மவர் வீடுகளில் அது எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. கஷாயம் குடித்தால் எதிர்ப்புசக்தி கூடிவிடும் என்ற பேச்சு இங்கே செல்லாது.

“பழைய ஊசியால்தானே தோல் பரிசோதனையில் கை தடிக்கிறது?” என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பிறந்தவுடன் போட்ட ஊசியின் தாக்கம் பத்தாண்டுகளில் பெரும்பாலும் மங்கிவிடும், ஐயமிருந்தால் பி.சி.ஜி.யால் குழம்பாத ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தாலும், நோயில்லாதவர் ஏன் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னும் வலுவான கேள்வி. ஒன்பது மாத ஐசோனியாசிட் மட்டுமே வழி என்றிருந்த காலத்தில் நானும் தயங்கியிருப்பேன். ஆனால் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்து டிக் மென்சீஸ் குழு 2018இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், நான்கு மாத ரிஃபாம்பிசின் அதற்கு ஈடாகக் காத்தது. ஈரல் பாதிப்போ குறைவு. சுவர் உடைந்தபின் சிகிச்சை என்றால் வழக்கமாக நான்கு மருந்துகளில் தொடங்கி ஆறு மாதம். அதற்குள் வீட்டில் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கும்?