நரிக்குறவர் மனையும் பள்ளிப் பொறுப்பும்: நான்கு வாதங்களுக்கு மறுப்பு

நரிக்குறவர்களுக்கு ஊருக்குள் மனை கொடுப்பது வீண், பள்ளி நிர்வாகத்தில் இடம் தருவது அதைவிட வீண் என்ற கருத்து உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டமும் இதற்கு விலக்கல்ல. அந்தக் கருத்தைத் தாங்கும் வாதங்கள் நான்கு. நான்குமே தவறு.

முதல் வாதம்: "ஓரிடத்தில் தங்கமாட்டார்கள்."

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வழியடைத்தபின், ஊசிமணி, பாசிமணி விற்பனையே இவர்களின் பிழைப்பு. மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை என்று திருவிழாக்களைத் தேடிப் போகிறார்கள். விழா முடிந்தால் திரும்ப ஒரு கூரை வேண்டும். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போய் எப்போதாவது ஊர் திரும்புவோரின் மனையை இம்மாவட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் குளத்துப் புறம்போக்கில் குடிசை போட்ட நரிக்குறவருக்குப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லையென்றால் அரசின் தொகுப்பு வீடும் இல்லை. அலைச்சலால் மனை மறுக்கப்படவில்லை. மனை மறுக்கப்படுவதால்தான் அலைச்சல் நீள்கிறது.

இரண்டாம் வாதம்: "பிள்ளைகளைப் படிக்கவைக்க அக்கறை இல்லை."

நரிக்குறவர் குழந்தை வீட்டில் பேசுவது எழுத்து வடிவமில்லாத வாக்ரிபோலி மொழி. முதல் வகுப்பில் அந்தக் குழந்தையின் முன் விரிவது தமிழ்ப் பாடநூல். ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாசியும் பங்குனியும்தான் வியாபாரம் சூடுபிடிக்கும் காலம். பெற்றோர் கிளம்பினால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தையும் கூடவே போகிறது. இந்தச் சிக்கலுக்கு விடை, உண்டு-உறைவிடப் பள்ளி. அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்துத் தேவராயநேரியில் நரிக்குறவர் குழந்தைகளுக்கென்று அப்படியொரு பள்ளி இருக்கிறது. கல்விச் சலுகைகளுக்கு வழிதிறக்கும் பழங்குடியினர் பட்டியலில் நரிக்குறவர்களைச் சேர்க்கலாம் என்று, அப்பட்டியலைத் திருத்த அரசு அமைத்த லோகூர் குழு 1965இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இத்தனை ஆண்டுகள் தாமதித்தது அரசு, பெற்றோர் அல்லர். இப்போதும் பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டும். அன்றாடம் விற்றால்தான் அடுப்பெரியும் குடும்பத்துக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் வருமான இழப்பு.

மூன்றாம் வாதம்: "பள்ளிக்குப் பக்கத்தில் குடிவைத்தால் மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும், ஊருக்கு வெளியே வைக்கலாம்."

2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளியை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக்குகிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, ஆண்டின் நடுவில் வந்ததாகச் சொல்லியோ திருப்பியனுப்பக் கூடாது. இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்யும் கடமையை 9ஆம் பிரிவு உள்ளாட்சியிடமே ஒப்படைக்கிறது. சுடுகாட்டுப் பக்கம் மனை கொடுத்து, ஆறு வயதுக் குழந்தை தினமும் நெடுஞ்சாலையைத் தாண்டி வரட்டும் என்று சொல்லும் உறுப்பினர், தன் கடமைக்கு எதிராகவே பேசுகிறார்.

நான்காம் வாதம்: "எழுதப் படிக்கத் தெரியாதவர் பள்ளியை எப்படி வழிநடத்துவார்?"

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசார இடம் என்று அதே சட்டம் சொல்கிறது. படிப்புத் தகுதி எதையும் அது கேட்கவில்லை. குழந்தை ஏன் வரவில்லை, எந்த மாதம் வெளியூர் போகும், எந்தப் பாடம் புரியவில்லை என்பதைத் தாயைவிட நன்றாக யாரும் சொல்லமாட்டார்கள். 1991இல் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது இதே மாவட்டத்தில் எழுத்தறியாத கல்குவாரிப் பெண்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள். குவாரியைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நடத்தவும் செய்தார்கள். பொறுப்பு கைக்கு வந்தபின் அவர்கள் வளர்ந்த வேகத்தைப் புதுக்கோட்டை கண்ணால் பார்த்திருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று: பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் பட்டாவுடன் மனை, திருவிழா மாதங்களில் குழந்தைகள் தங்கிப் படிக்க விடுதி, மேலாண்மைக் குழுவில் நரிக்குறவத் தாய்மாருக்கு இடம். இம்மூன்றையும் கிராமசபைத் தீர்மானமாகக் கொண்டுவருவது உள்ளாட்சி உறுப்பினரின் கடமை. தடுப்பது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பானது.