வேலியுள்ள முற்றம்: சிறுவர்களும் சமூக வலைத்தளங்களும்

அவுஸ்திரேலியாவில் 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி முதல் 16 வயதுக்குட்பட்ட எவரும் முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்சட், யூடியூப் முதலிய தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை மீறினால் தண்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அன்று, தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கே விதிக்கப்படும். அதன் உச்சவரம்பு 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர். அந்நாட்டில் மட்டுமன்றிப் பிற நாடுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் இச்செய்தி கேட்டு ஆறுதல் அடைந்திருப்பின் அதில் வியப்பில்லை.

ஆயினும் அச்சட்டத்தின் மறுபக்கத்தைப் பலர் கவனிக்கத் தவறிவிட்டனர். தடை தொடங்கியபோது வட்ஸ்அப், மெசஞ்சர், கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப் கிட்ஸ் ஆகியன தடைப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. முன்பின் அறியாதோர் கூடும் சந்தையும், அறிந்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் முற்றமும் வெவ்வேறானவை என்பதைச் சட்டம் இயற்றியோரே ஏற்றுக்கொண்டுள்ளனர். புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளிலோ இவ்வேறுபாடு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஒரு வீட்டில் இணையமே ஆகாது என்பர். அடுத்த வீட்டில் சோறு ஊட்டும்போதே கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவர்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு முற்றம் வேண்டும். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்னர் மச்சானும் மச்சாளும் ஒரே வளவுக்குள் ஓடி விளையாடி, சண்டையிட்டு, மாலைக்குள் மீண்டும் கூடிக்கொண்டனர். இன்று ஒரு பிள்ளை ஸ்காபரோவிலும், மற்றது ஹரோவிலும், இன்னொன்று ஒஸ்லோவிலும் வளர்கின்றது. அம்மம்மா வவுனியாவில் இருக்கின்றார். கோடை விடுமுறையில் இரண்டு கிழமை சந்தித்துக்கொள்வதால் மட்டும் இப்பிள்ளைகளுக்கிடையே உறவு வேர்கொள்ளாது. எட்டு வயதுப் பிள்ளை தான் வரைந்த படத்தை அனுப்புவதும், பல் விழுந்த செய்தியைக் குரற்பதிவாகச் சொல்வதும், அதற்கு மறுநாள் மறுமொழி வருவதும்தான் அவ்வேரை வளர்க்கும்.

மொழியைப் பொறுத்தவரையும் இதுவே உண்மை. நோர்வேயில் வளரும் சிறு பிள்ளையும் கனடாவில் வளரும் பிள்ளையும் வீட்டில் கேட்கும் தமிழைத்தான் தமக்குள் பொதுமொழியாகக் கொள்ள முடியும். சனிக்கிழமைப் பாடசாலையில் எழுதும் கட்டுரையை ஆசிரியர் ஒருவரே வாசிக்கின்றார். அம்மம்மாவுக்கு எழுதும் இரண்டு வரியோ உண்மையான வாசகர் ஒருவரைத் தேடிப் போகின்றது. விசைப்பலகையில் ழகரத்தைத் தேடிப் பிடிக்கும் பிள்ளைக்கு அதனைத் தேடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கின்றது.

சிறுவர்களுக்கெனப் பாதுகாப்பான வலையமைப்பை உருவாக்க இயலாது என்று கூறுவோர் கிளப் பென்குவின் தளத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அத்தளத்தில் பிள்ளைகள் பென்குவின் உருவில் உலாவினர். முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட வாசகங்களுள் ஒன்றைத் தெரிந்து மட்டுமே பேசக்கூடிய முறை அங்கு இருந்தது. தாமாகத் தட்டச்சு செய்யும் முறையிலும் தீய சொற்களும் தனிப்பட்ட விபரங்களும் வடிகட்டப்பட்டன; உரையாடல்களைக் கண்காணிக்கப் பணியாளர்களும் அமர்த்தப்பட்டனர். 2007ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் அதனை 350 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் தளம் மூடப்பட்டது.

அத்தளத்தின் வருவாய் பெருமளவில் பெற்றோர் செலுத்திய சந்தாவிலிருந்து வந்தது என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். விளம்பரத்தால் வாழும் தளத்துக்குப் பிள்ளை எவ்வளவு நேரம் திரையின் முன் இருக்கின்றதோ அவ்வளவு இலாபம். காவலுக்கு ஆள் வைப்பதற்குச் செலவாகும். அச்செலவை எவரேனும் ஏற்றாக வேண்டும். இலவசமாகக் கிடைப்பதில் காவலையும் எதிர்பார்க்கும் பெற்றோர் இதனைக் கணக்கிற்கொள்வதில்லை.

இன்று அதே நோக்கில் இயங்கும் மெசஞ்சர் கிட்ஸ் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. அதில் பிள்ளை எவருடன் பேசலாம் என்பதைப் பெற்றோரே தீர்மானிப்பர். எனினும் குழு உரையாடல்களில் பெற்றோர் அனுமதிக்காதவர்களும் நுழைய வழிவிட்ட மென்பொருட் குறை ஒன்று 2019ஆம் ஆண்டு வெளிப்பட்டது. நிறுவனம் அதனைத் திருத்தியது என்றாலும், வேலி எங்கோ ஓர் இடத்தில் பிரியக்கூடும் என்று எண்ணிக்கொண்டே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

வேலியைப் பெற்றோரே பிரித்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு. பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் விபரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என்னும் அமெரிக்கச் சட்டம் 1998ஆம் ஆண்டு நிறைவேறியது. பல தளங்கள் 13 வயதை எல்லையாகக் கொண்டிருப்பது அதனாலேயே. அவ்வெல்லையைத் தாண்டுவதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையின் பிறந்த ஆண்டைப் பெற்றோரே மாற்றிப் பதிந்து கொடுக்கின்றனர். பொய் சொல்லப் பழக்குவது ஒருபுறமிருக்க, கணனி அப்பொய்யை மறப்பதில்லை. ஒன்பது வயதில் பதின்மூன்று எனப் பதிந்த பிள்ளைக்கு உண்மையில் பதினான்கு வயது ஆகும்போது தளத்தின் கணக்கில் பதினெட்டு ஆகிவிடும். இளையோருக்கென வைத்த காப்புகள் அன்றே விலகிவிடும்.

பிள்ளையின் உரையாடலைப் பெற்றோர் ஒளிந்திருந்து வாசிப்பதும் நன்றன்று. “இதனை அம்மாவும் பார்ப்பேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டு, வரவேற்பறையில் உள்ள பொதுக் கணனியிலோ பலகைக் கணனியிலோ தொடங்குவதே தகும். தவறான செய்தி ஏதும் வந்தால் பிள்ளை அதனை வீட்டில் சொல்லுமா என்பதுதான் பெரிய கேள்வி. சொன்னால் கருவியைப் பறித்துவிடுவார்கள் என்னும் அச்சமே பல பிள்ளைகளின் வாயை மூடிவிடுகின்றது. பறிக்கமாட்டோம் என்ற வாக்குறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே கொடுத்து, அதனைக் காப்பாற்றவும் வேண்டும்.

சிறுவர்களை வலைத்தளத்திலிருந்து காக்க வேண்டும் என்று உரத்துப் பேசும் பெரியவர்களின் முகநூற் பக்கங்களில் நிறைந்திருப்பவையும் அதே சிறுவர்களின் படங்களே. பிறந்தநாள் கேக்கின் மீது பெயரும் வயதும், பாடசாலைச் சீருடையில் இலச்சினையும், பூப்புனித நீராட்டு விழாவின் முழுத் தொகுப்பும் நூற்றுக்கணக்கான ‘நண்பர்கள்’ பார்வைக்கு வைக்கப்படுகின்றன. படத்தை இடுவதற்கு முன் அதில் உள்ள பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கும் வீடுகள் இன்னும் மிகச் சிலவே.