எதை வடிகட்டுகிறோம் என்று தெரிந்தாக வேண்டும்

கோவிட் உச்சத்தில் இருந்தபோது ‘சைட்டோகைன் புயல்’ பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அழற்சியைத் தூண்டும் அந்தப் புரதங்களை ரத்தத்திலிருந்து உறிஞ்சி எடுக்கும் வடிகட்டிக்கு 2020-இல் அமெரிக்காவும் இந்தியாவும் அவசர அனுமதி கொடுத்தன. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனை அதைச் சோதித்துப் பார்த்தது. உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியின் துணையில் இருந்த 34 கோவிட் நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் வடிகட்டி. 30 நாள் கழித்து, வடிகட்டி இல்லாத 17 பேரில் 13 பேர் உயிரோடு இருந்தனர். வடிகட்டி பொருத்தப்பட்ட 17 பேரில் பிழைத்தவர்கள் மூவர்.

சிறிய ஆய்வுதான். ஆனால் 2018-இல் வெளியான, செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகள் 450 பேரிடம் வேறொரு வடிகட்டியைச் சோதித்த ஆய்விலும் உயிரிழப்பு குறையவில்லை. கெட்டதை மட்டும் பிரித்தெடுக்கும் அறிவு வடிகட்டிக்கு இல்லை. ஆன்டிபயாடிக் மருந்தும் அதில் சிக்கலாம்.

டி.டி.பி. என்ற அரிய ரத்த நோயின் கதை வேறு. ரத்தத்துக்குத் தேவையான ஒரு நொதியை உடலே உண்டாக்கும் ஆன்டிபாடி முடக்கிவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டுத் தானப் பிளாஸ்மா ஏற்றினால் ஆன்டிபாடி குறையும், நொதியும் கிடைக்கும். ஒரு காலத்தில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்ற நோயில் இன்று பத்தில் எட்டுப் பேர் பிழைக்கிறார்கள். குற்றவாளி யார் என்று தெரிந்திருப்பதுதான் காரணம்.

இந்தப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் பாதுகாப்பானதே. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் உதடும் விரல் நுனியும் மரமரக்கும். கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். கழுத்து ரத்தக்குழாயில் செருகும் தடித்த குழாய்தான் கவலை: ரத்தக்கசிவு, கிருமித்தொற்று. தானப் பிளாஸ்மாவால் ஒவ்வாமையும் வரலாம்.

பிளாஸ்மா மாற்றம் பேசப்படும் நம்மூர்ப் பிரச்சினை, எலியைக் கொல்லும் எலி பேஸ்ட்டை மனிதர்கள் உட்கொள்வது. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைச் சிதைத்தபின் மிஞ்சும் வழி மாற்று அறுவை சிகிச்சை. ஏழைக் குடும்பத்துக்கு அது எட்டாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் குறைந்த அளவில் பிளாஸ்மாவை மாற்றிப் பார்த்து வெளியிட்ட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. குலுக்கல் முறைச் சோதனைக்கு அவை ஈடாகா. ஆனாலும் வேறு கதியில்லாத இடத்தில் இதைச் செய்வதையே நான் ஆதரிப்பேன். ஒவ்வொரு நோயாளியின் முடிவும் பதிவாக வேண்டும். செப்சிஸ் வடிகட்டிக்கு இந்தச் சலுகை கூடாது. ஆய்வின் பகுதியாக அதைப் பயன்படுத்தட்டும். செலவைக் குடும்பத்தின் தலையில் கட்ட வேண்டாம்.