கரையை உடைத்தது வெள்ளம் மட்டும்தானா?

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆற்றங்கரை இடிந்தால் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எதிர்பாராத வெள்ளம்." இது பதிலே அல்ல, தப்பித்துக்கொள்ளும் வழி என்கிறேன் நான்.

எங்கள் வல்லம், செஞ்சிப் பக்கம் வந்து பாருங்கள். கோட்டை நிற்கும் குன்றுகள் கருங்கல். எத்தனை மழை பெய்தாலும் அசையாது. ஆனால் இம்மலைகளில் பிறக்கும் சங்கராபரணியாகட்டும், தெற்கே ஓடும் தென்பெண்ணையாகட்டும், சமவெளிக்கு இறங்கியதும் தானே கொண்டுவந்து சேர்த்த மண்ணின் மேல்தான் ஓடுகிறது. அங்கே கரை என்பது பெரும்பாலும் மேலே களியும் வண்டலும், அடியில் தளர்ந்த மணலும். வெள்ளம் முதலில் அடி மணலை அரிக்கும். பிடிமானம் இழந்த மேல்மண் பாளம் பாளமாக விழும். வெள்ளம் வடிந்தபின்னும் ஆபத்து தீராது. ஆற்றில் நீர் சட்டென்று இறங்கிவிடும்; கரைக்குள் ஊறிய நீர் மெதுவாகத்தான் வெளியேறும். அது மண்ணை உள்ளிருந்து தள்ளும். மழை விட்ட பிறகும் கரை சரிவது இதனால்தான்.

இப்போது தளவானூருக்கு வருவோம். தளவானூருக்கும் ஏனாதிரிமங்கலத்துக்கும் இடையே தென்பெண்ணையில் சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டி 2020-இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஏனாதிரிமங்கலம் பக்கச் சுவர் இடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் தளவானூர் பக்கமும் போனது. இரண்டு முறையும் அடிபட்டது கட்டடம் கரையைத் தொடும் ஓரம். ஆச்சரியமென்ன? தேக்கிய நீர் பலவீனமான இடத்தைத்தான் தேடும். உறுதியான சுவரைச் சுற்றிக்கொண்டு, இளகிய கரையை அறுத்துப் போகும்.

"மண்ணின் குணம் அப்படி, மனிதன் என்ன செய்வான்?" என்று கேட்கலாம். 2024 பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது உண்மைதான். ஆனால் குணம் தெரிந்த மண்ணில் கட்டுகிறவனுக்குத்தானே பொறுப்பு அதிகம்? போதாக்குறைக்கு, ஆற்று மணலை அள்ளி அள்ளிப் படுகையைப் பள்ளமாக்குகிறோம். படுகை இறங்கினால் கரையின் உயரம் கூடும், அடித்தாங்கல் போகும். பிறகு அது எப்படி நிற்கும்?

ஆகவே நான் கேட்பது இரண்டுதான். ஆற்றில் எதைக் கட்டினாலும், இரு கரைகளிலும் எத்தனை அடி ஆழத்தில் என்ன மண் இருக்கிறது என்ற சோதனை முடிவை ஊர்ப் பலகையில் எழுதி வையுங்கள். அதன் அருகே மணல் அள்ளுவதை நிறுத்துங்கள். இந்த இரண்டையும் செய்த பிறகும் கரை இடிந்தால், அப்போது வெள்ளத்தைத் திட்டலாம். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.