ரோடு ஏறுது... வீடு இறங்குது! மழைத்தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளும் அம்பத்தூர், ஆவடி தெருக்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஐப்பசி பிறந்தாலே வீட்டுக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. மழைக்கு முன்பே ரப்பிஷ் லோடு, கிராவல் லோடு என்று வண்டிகள் தெருவுக்குள் நுழைகின்றன. கொத்தனார், சித்தாள் கூலி கட்டுப்படியாகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை தாங்களே மண்வெட்டி பிடிக்கிறார்கள்.

ஆனால் இப்படிச் செய்யும் வேலையில் பாதி, தண்ணீரை வெளியேற்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது.

பள்ளமான வீடுகள்

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டதுதான் பல தெருக்களில் வினை. ரோட்டைவிட இரண்டு படி உயரத்தில் கட்டிய வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே ஏறிய உயரம் ஏறியதுதான்.

பணம் உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இந்த வேலைக்குக் கிராக்கி கூடியது. மற்றவர்கள் வாசலிலும் கொல்லையிலும் மண் கொட்டி, மேலே சிமென்ட் பூசுகிறார்கள்.

அங்கேதான் கோளாறு. வெறும் மண்ணாக இருந்தவரை தரை கொஞ்சமாவது தண்ணீரைக் குடித்தது. சிமென்ட் போட்டதும் அத்தனையும் ஓடுகிறது. வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வீட்டில் முழங்கால் தண்ணீர். அடுத்த வருஷம் அவரும் மண் அடிக்கிறார். கடைசியில் தண்ணீர் நிற்பது, உயர்த்த வசதி இல்லாதவர் வீட்டிலும், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் வீட்டிலும்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

1,200 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர் தண்ணீர் இறங்கும். கிட்டத்தட்ட ஒரு பெரிய டேங்கர் லாரி தண்ணீர். அதுவும் ஒரே வீட்டில்!

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அவசரமாகத் தோண்டிய குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழி எடுத்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே மணல் போட்டால் போதும். சொந்தமாகவே செய்யலாம். அஸ்திவாரத்தையும் செப்டிக் டேங்கையும் விட்டுத் தள்ளித் தோண்ட வேண்டும். மேல் மணலை வருஷம் ஒரு முறை அள்ளிக் கழுவ வேண்டும்.

ஆனால் இந்தக் குழியை மட்டும் நம்பவும் முடியாது. ஜல்லி அடைத்த இடம் போக ஒரே நேரத்தில் 600 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். களிமண் தரை மெதுவாகத்தான் உறிஞ்சும். மிச்சத் தண்ணீர் தெரு மழைநீர் வடிகாலுக்குப் போயாக வேண்டும்.

அந்த வடிகாலில்தான் சிலர் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் பைப்பைச் செருகுகிறார்கள். இன்னும் சிலர் வண்டி ஏற்ற வாசல் சரிவு கட்டி, வடிகால் வாயையே அடைக்கிறார்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது குறிப்பிடத்தக்கது.

இதில் கை வைக்காதீர்!

செப்டிக் டேங்க்கில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். கூலிக்கு ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

யார் பொறுப்பு?

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் மூழ்கியது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரி, அங்கிருந்து ரெட்டேரி என்பதுதான் தண்ணீரின் பழைய பாதை. அந்த வழியைத் திறந்து வைப்பது தனி ஆள் மண்வெட்டியால் ஆகிற காரியம் இல்லை. அது அரசின் வேலை.

தெருக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொத்தனாரிடம் ‘எவ்வளவு உயர்த்தலாம்?’ என்று கேட்கும் முன், ‘தண்ணீர் எங்கே போகும்?’ என்று எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அடுத்த முறை ரோடு போட வண்டி வரும்போது, பழைய தாரைச் சுரண்டினார்களா என்று தெருவே நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பைசா செலவில்லை. சுரண்டாமல் விட்டால், அடுத்த மழைக்குள் மறுபடியும் ரப்பிஷ் லோடுக்குப் பணம் தேட வேண்டியதுதான்.