புதிய காவல்காரன்

எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணில் ஒரு சங்கிலி எட்டு மாத காலம் வெறுமனே தொங்கிக் கொண்டிருந்தது. அதை அவிழ்த்துப் பரண்மேல் போடுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். ஆயினும் வீட்டிலுள்ள நால்வரில் ஒருவருக்கும் அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஊரே வருகிறது. நாய் இறந்தால் யார் வருகிறார்கள்? ஆகையால் அந்தத் துக்கத்தைச் சங்கிலியோடு சேர்த்துத் தூணிலேயே மாட்டி வைத்திருந்தோம்.

வீரன் 11 வருஷம் எங்கள் வீட்டையும் அதை ஒட்டிய தென்னந்தோப்பையும் காவல் காத்தது. பால்காரர் வந்தால் ஒரு குரைப்பு. தபால்காரர் வந்தால் இரண்டு. முன்பின் அறியாதவர் வந்தால் தெருக்கோடி வரையில் கேட்கும் முழக்கம். உள்ளே இருந்தபடியே வாசலில் நிற்பவர் இன்னார் என்று தெரிந்து கொள்வோம். சென்ற ஐப்பசியில் மூப்பினால் அது இறந்தது. தோப்பு வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

"இனி இந்த வீட்டில் நாய் வேண்டாம். இன்னொரு முறை அழுவதற்கு என்னால் ஆகாது" என்று என் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தேங்காய் திருடுகிறவர்களுக்கு நம் துக்கம் ஒரு பொருட்டா? குலை குலையாகக் காய்கள் மறைந்தன. நான் பள்ளிக்கூடத்துக்கும் பெண் கல்லூரிக்கும் போய்விட்டால், ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் அவளும் என் வயதான தாயாரும் தனியே இருக்க வேண்டும். கடைசியில் ஆனி மாதத்தில், இராஜபாளையத்துச் சிநேகிதர் ஒருவர் இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

தூய வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இராஜபாளையம் ஜாதியைப் பற்றி நாம் பெருமை கொள்ளலாம். 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றில் இதுவும் ஒன்று. 2020-ல் இதுவும் சிப்பிப்பாறையும் இந்திய இனங்களாக முறைப்படி பதிவாயின. குளிர் தேசத்து நாயைப் பெரும் விலைக்கு வாங்கி, அதற்காக வீட்டில் குளிர்சாதனம் வைத்து அவதிப்படுகிறவர்கள், நம் வெயிலிலேயே பிறந்து வளரும் இந்த ஜீவனை ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம்.

ஆனால் பெருமை மட்டும் போதாது, கவனமும் வேண்டும். இந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. குட்டி உறங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக் கொள்ள வேண்டும். பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோயின் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கக் கூடியது. ஆகவே ஆறு அல்லது எட்டு வாரத்திலிருந்து தவணை தவறாமல் தடுப்பூசி போட்டு, அது முடியும் வரையில் தெரு நாய்களோடு சேரவிடாமல் காக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதை ஒருபோதும் தள்ளிப் போடலாகாது.

இனிப் பெயர் விஷயம். "இதற்கும் வீரன் என்றே பெயர் வைப்போம், அப்பா" என்றாள் என் பெண். அமெரிக்காவில் மாரிஸ் பிராங்க் என்று கண் பார்வை இழந்த ஒருவர் இருந்தார். அவர் 1928-ல் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய், வழிகாட்டும் நாய் ஒன்றோடு பயிற்சி பெற்றுத் திரும்பினார். அதன் பெயர் பட்டி. மறு வருஷமே அத்தகைய நாய்களைப் பழக்கும் ஒரு பள்ளி தம் நாட்டில் தோன்ற அவர் காரணமானார். 1938-ல் பட்டி இறந்தது. அதன் பின் வந்த நாய்க்கும் அவர் பட்டி என்றே பெயர் வைத்தார். அதற்குப் பிறகு வந்தவைகளுக்கும் அப்படியே. இந்தக் கதையை நான் சொன்னதும் என் பெண், வழக்கில் தன் பக்கம் ஜயித்தது என்றே நினைத்தாள்.

"பேர் ஒன்றாக இருந்தால் நாயும் ஒன்றாகிவிடுமா? வீரன் பேர் வீரனுக்கே இருக்கட்டும்" என்றார் என் தாயார். குட்டிக்கு முத்து என்று பெயராயிற்று.

அந்த வார்த்தையின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. முத்து வந்த இரண்டாம் மாதம், தோப்பில் அந்நியன் ஒருவன் நுழைந்தான். முத்து குரைக்கவில்லை, வாலை ஆட்டிக் கொண்டு அவன் காலை நக்கப் போயிற்று. அன்று மாலையே என் செருப்பையும் கடித்துக் குதறியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், "வீரன் இப்படியா இருந்தது? இதைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறேன்" என்று கத்தினேன்.

தாயார் நிதானமாக, "வீரன் வந்த வருஷம் உன் செருப்பில் மூன்று ஜோடியைத் தின்றதே, மறந்துவிட்டாயா? திருடனுக்கு வால் ஆட்டவில்லையா? நீதானே இரண்டு வருஷம் கூடவே நடந்து அதற்குத் தோப்பைக் காட்டினாய்!" என்றார்.

உண்மைதான். வீரனுடைய கடைசி வருஷத்தையும் முத்துவின் முதல் மாதத்தையும் நான் ஒரே தராசில் நிறுத்துக் கொண்டிருந்தேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு, முதல் வகுப்பில் சேர்ந்தவனிடம் பட்டதாரியின் ஞானத்தை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரிய வேண்டாமா? பெயர் பழையதானாலும் புதியதானாலும், புது நாயும் அதன் மனிதரும் பழக்கத்தை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். காவல் நாய்க்கு அந்நியரை இனங்காணும் அறிவு உடம்பு முதிரும்போதுதான் வரும். அதுவரை அதற்கு நாம்தான் காவல்.

மறுநாள் காலையில் முத்துவை அழைத்துக் கொண்டு தோப்பின் வேலியோரமாக ஒரு சுற்று வந்தேன். வீரனோடு அப்படித்தான் தொடங்கினேன் என்பது நடக்க நடக்க நினைவுக்கு வந்தது. வேப்பமரத்தடியில் சற்று நின்றோம். திரும்பி வந்ததும் பழைய சங்கிலியைப் பரணில் வைத்தேன். புதியவனுக்கு இப்போது சங்கிலி எதற்கு?

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு, நாயே வேண்டாம் என்று சொன்ன என் மனைவி இருட்டில் கேட்டாள்: "முத்து சாப்பிட்டானா?"